ஒத்துழைக்காதவர்

என் முகத்தைப் பார்த்தாலே பாதிப் பேருக்கு மூச்சு நின்றுவிடும் என்று எங்கள் டாக்டர் கிண்டல் செய்வார். நிற்கட்டுமே, எனக்கு வேண்டியதே அதுதான். நெஞ்சு ஸ்கேனுக்கு வருகிறவர்கள் செய்ய வேண்டியது ஒரே ஒரு காரியம். மூச்சை முழுசாக உள்ளே இழுத்து ஒன்பது விநாடி அப்படியே பிடித்து வைக்க வேண்டும். நான் என்ன சொத்தையா எழுதிக் கேட்கிறேன்? அந்த ஒன்பது விநாடிக்கே வலிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த மிஷின் முன்னால் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். சாதாரண எக்ஸ்ரே நெஞ்சு முழுவதையும் ஒரே படமாகப் பிடித்துவிடும். எங்கள் மிஷின் அப்படியில்லை. நுரையீரலை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிச் சீவிக் காட்டும். கடுகைவிடச் சின்னப் புள்ளியும் தப்பாது. ஆனால் அதற்கு உள்ளே காற்று நிறைந்திருக்க வேண்டும். காற்றிருந்தால் படம் கறுப்பாக வரும், நோய் அதில் வெள்ளையாகத் தெரியும். மூச்சை வெளியே விட்டுவிட்டால் எல்லாமே சாம்பல் பூத்துப்போகும். அந்தச் சாம்பல் நோயா, மூச்சில்லாததாலா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

மூச்சை விட்டுவிட்டு "பிடிச்சேன்" என்று என்னிடம் சாதிக்கவும் முடியாது. மூச்சுக்குழாய் காட்டிக்கொடுத்துவிடும். காற்று நிறைந்திருக்கும்போது அது வட்டமாக இருக்கும், காற்று போனதும் அதன் பின்சுவர் உள்ளே குழிந்து பிறை மாதிரி ஆகிவிடும். படத்தில் பிறையைப் பார்த்தால் ஆள் ஏமாற்றியிருக்கிறார் என்று அர்த்தம். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

நினைத்ததற்குக் காரணமும் இருந்தது. தொழிலால் வந்த நோயா இல்லையா என்று முடிவு செய்கிற மருத்துவ போர்டிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. சில தொழிலாளர்கள் வேண்டுமென்றே மூச்சைச் சரியாகப் பிடிக்காமல் படத்தை மங்கலாக்கி, நோய் இருப்பதுபோலக் காட்டப் பார்க்கிறார்கள், கவனமாக இருக்கவும் என்று அதில் எழுதியிருந்தது. கூடவே படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்களும் முளைத்தன. ஒன்று 'ஒத்துழைத்தார்'. இன்னொன்று 'ஒத்துழைக்கவில்லை'. டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டியது நான். ஏற்கெனவே குரங்கு, அதன் கையில் கொள்ளிக்கட்டையையும் கொடுத்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தக் கல் அறுக்கிறவர் மூன்றாவது தடவையாக வந்தார். சமையலறை மேடைக்குப் பதிக்கிற செயற்கைக் கல் இருக்கிறதே, அதை அளவுக்கு அறுத்துக் கொடுக்கிற பட்டறையில் பதினோரு வருஷமாக வேலை. படிவத்தில் வயது முப்பத்தெட்டு. முகம் ஐம்பது என்றது. முதல் ஸ்கேன் ஆறு மாதத்துக்கு முன்னால், இரண்டாவது மூன்று மாதத்துக்கு முன்னால், இரண்டையும் எடுத்தது நான்தான். இரண்டிலும் பிறை. இரண்டு படிவத்திலும் 'ஒத்துழைக்கவில்லை' என்று டிக் அடித்திருந்தேன்.

போர்டின் கணக்குப்படி மூன்று வாய்ப்புத்தான். இந்தத் தடவையும் அதே கட்டத்தில் டிக் விழுந்தால் கோப்பை மூடிவிடுவார்கள், திங்கட்கிழமை அவர் மறுபடி பிளேடு முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். படம் சரியாக வந்து நோய் தெரிந்தால் தூசியில்லாத வேலைக்கு மாற்ற வேண்டும், வைத்தியமும் பார்க்க வேண்டும். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவரைவிட அதிகமாக அவர் மனைவிக்குத் தெரியும்.

அவள் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை பார்க்கிறவள். வேலை அவள் குரலிலேயே இருந்தது.

"மறுபடியும் நீங்களா?" என்றேன்.

"நாங்க ஆசைப்பட்டா வந்தோம்? போர்டுல அனுப்பினாங்க."

"போன தடவை மாதிரி பண்ணினா நானும் போன தடவை மாதிரிதான் எழுதுவேன். முன்னாடியே சொல்லிடறேன்."

"போன தடவை அவர் என்ன பண்ணினார்னு எனக்கு இன்னும் விளங்கல மேடம். உள்ள போனார், படுத்தார், எழுந்து வந்தார். நீங்க அவரைப் பொய்யன்னு எழுதினீங்க."

"பொய்யன்னு எழுதல. ஒத்துழைக்கலைன்னு எழுதினேன்."

"ரெண்டுக்கும் நடுவுல எத்தனை அடி தூரம்?"

"விடு," என்றார் அவர். அந்த ஒரு வார்த்தைக்கே இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமி முடித்ததும் என்னைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்தார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. அடக்கமாக இருக்கிற பொய்யன்தான் ஆபத்தானவன் என்பது என் பதினாறு வருஷத்து ஞானம்.

உள்ளே கூட்டிப்போய் மேஜையில் படுக்க வைத்தேன். கைகளைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னேன். மிஷினை ஓட்டுவதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒத்திகை உண்டு. மூச்சை இழுங்க என்றேன், இழுத்தார். பிடிங்க என்றேன், பிடித்தார். அவர் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தேன். நன்றாக ஏறி, ஏறின இடத்திலேயே நின்றது. பன்னிரண்டு விநாடி தாராளமாகப் பிடித்தார். இருமல்கூட வரவில்லை.

என் கோபமே அங்கேதான். முடியாத கிழவர் ஒருவர் மூச்சை விட்டுவிட்டால் பாவம் என்று விடலாம். இவருக்கு நன்றாக முடிகிறது. போன இரண்டு தடவையும் ஒத்திகையில் இப்படித்தான் அசத்தினார். மிஷின் ஓடும்போது மட்டும் பிறை. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியுமா?

"இப்ப செஞ்ச மாதிரியே செய்யணும். புரியுதா?"

"சரிங்க மேடம்."

வெளியே வந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தினேன். மிஷினுக்குள்ளிருந்து, "மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பதிவு செய்த குரல் சொன்னது. வளையம் சுற்ற ஆரம்பித்து விர்ரென்று சத்தம் ஏறியது. மேஜை உள்ளே நகர்ந்தது. ஒன்பது விநாடியில் முடிந்தது.

திரையில் பிறை.

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன். ஒரு நாளைக்கு ஒருவருக்கு இரண்டு தடவைக்கு மேல் கதிரைப் பாய்ச்சக் கூடாது என்பது எங்கள் விதி. ஒன்று வீணாகிவிட்டது. அவரை எழுப்பி வராந்தாவுக்குக் கூட்டி வந்தேன். என்ன கேட்பதாக இருந்தாலும் அவள் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. வராந்தாவில் எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஏணி போட்டு, சுவரில் புதுப் பலகை மாட்ட அளவெடுத்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழட்டும் என்றே பேசினேன்.

"மூச்சைப் பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன் மேடம்."

"படம் பிடிக்கலைன்னு சொல்லுது. நீங்க பொய் சொல்றீங்களா, எண்ணூறு கிலோ ஈயமும் இரும்புமா சுத்துதே, அது பொய் சொல்லுதா?"

"சத்தியமா பிடிச்சேன்."

"இங்க யாரும் சத்தியம் கேக்கல. ஒத்திகைல பிடிக்கிறீங்க, மிஷின் ஓடும்போது விடறீங்க. நான் என்ன நெத்தியில ஏமாளின்னு எழுதி ஒட்டியிருக்கேனா? உங்களுக்கு நிஜமாவே உடம்பு சரியில்லைன்னா எதுக்கு இந்த…"

எலெக்ட்ரீஷியன் டிரில்லை ஓட்டினார். சத்தத்தில் நான் நிறுத்தினேன். ஆனால் பதில் சொல்ல வாயைத் திறந்த கல்லறுக்கிறவர் நிறுத்திய விதம் வேறு. உதடு இறுக மூடிக்கொண்டது. நெஞ்சு அப்படியே உள்ளே அமுங்கியது. கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிரில் நின்றபிறகு பெரிதாக ஒரு மூச்சை இழுத்துவிட்டு, "நான் எதுக்கு மேடம் ஏமாத்தணும்?" என்றார்.

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு இவ்வளவு நேரமா?"

"அது நின்னாத்தான் பேசுவார்," என்றாள் அவள். "வீட்ல மிக்ஸி போட்டாலும் இதே கதிதான். நான் சண்டையில ஜெயிக்கணும்னா மிக்ஸியைப் போட்டா போதும். அரைச்சு முடியற வரைக்கும் ஊமை."

அவள் அதைக் குத்தலாகத்தான் சொன்னாள், குத்தல் எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை. ஆனால் அவர் நெஞ்சு அமுங்கியதை நான் பார்த்தேன். பேச்சை மட்டும் நிறுத்துகிறவனுக்கு நெஞ்சு ஏன் அமுங்க வேண்டும்?

இதுவும் நாடகமாக இருக்கலாம் என்று உடனே எனக்கே சொல்லிக்கொண்டேன். எனக்கு மனிதர்களைவிட மிஷின்மேல் நம்பிக்கை அதிகம். அவருக்கு முதுகுப் பக்கமாகப் போய் எலெக்ட்ரீஷியனிடம், நான் கையைக் காட்டினால் ஓட்டுங்கள், இறக்கினால் நிறுத்துங்கள் என்று கிசுகிசுத்தேன். பிறகு அவரிடம் வந்து, "ஒண்ணுலேர்ந்து சத்தமா எண்ணுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"எண்ணுங்கன்னா எண்ணுங்க."

ஒன்று, இரண்டு என்று அவர் எண்ணினார். ஏழு சொல்லும்போது கையைத் தூக்கினேன். டிரில் ஓடியது. எட்டு வரவில்லை. மூக்கிலிருந்து காற்று மொத்தமும் ஒரே வீச்சில் வெளியே போனது, நெஞ்சுக்கூடு இறங்கியது, இறங்கின இடத்திலேயே நின்றது. நான் பன்னிரண்டு விநாடி கையை இறக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குத் தான் ஏதோ செய்கிறோம் என்றே தெரியவில்லை. கையை இறக்கினேன். டிரில் நின்றது.

நெஞ்சு நிறைய ஒரு மூச்சு. பிறகு, "எட்டு," என்றார்.

அவர் அருகில் போய் நின்றேன்.

"இப்படிச் செய்ய யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"எப்படி?"

"சத்தம் வந்தா மூச்சை வெளிய விட்டுட்டு நிக்கிறீங்களே."

அவர் யோசித்தார். "அது பட்டறைப் பழக்கம். நாங்க எல்லாருமே அப்படித்தான். பிளேடு சுத்த ஆரம்பிச்சா மூச்சை வெளிய விட்டு வாயை மூடிக்கணும், ஒரு வெட்டு முடியற வரைக்கும் உள்ள இழுக்கக் கூடாது. சேர்ந்த அன்னைக்கே சொல்லிடுவாங்க. முதல் வாரம் தலை சுத்தும். அப்புறம் அதுவா வரும்."

"முகமூடி?"

"பத்து நிமிஷத்துல அடைச்சுக்கும். தண்ணி விட்டு அறுத்தா தூசி வராது. வேலை மெதுவா போகுதுன்னு முதலாளி குழாயை மூடிட்டார்."

"ஒரு வெட்டு முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? மூச்சு விடுவோம்."

அவர் அதை வெகு சாதாரணமாகச் சொன்னார். அறுத்த கல்லின் தூசி அரை மணி நேரம் காற்றிலேயே மிதக்கும். வெட்டு ஓடும்போது பட்டினி கிடந்த நுரையீரல், முடிந்ததும் அந்தத் தூசியை ஆசை ஆசையாக இழுத்திருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு வெட்டு, பதினோரு வருஷம். நோய் வராமல் இருக்க அவர்கள் கண்டுபிடித்த வழி நோயையே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறது. எங்கள் மிஷினின் வளையம் விர்ரென்று சுற்றும்போது அவர் உடம்பு பட்டறைக்குப் போய்விடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்தார், பிளேடு சத்தம் கேட்டது, விட்டுவிட்டார்.

டாக்டர் அறைக்குப் போனேன். அவர் அன்றைய படங்களுக்கு ரிப்போர்ட் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அந்தக் கல்லறுக்கிறவர் பொய் சொல்லல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பதினாறு வருஷத்துல உன் வாயிலேர்ந்து இந்த வார்த்தையை இப்பத்தான்மா கேக்கறேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு தடவை எடுக்கலாம், அதற்குமேல் இன்று முடியாது என்றார். எப்படி எடுப்பாய் என்று கேட்டார். காதை அடைத்துவிடுகிறேன் என்றேன். அடைத்தால் உன் கட்டளை எப்படிக் கேட்கும் என்றார். அதற்கும் ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன், ஆனால் அதற்கு எனக்குப் பிடிக்காத ஒரு ஆளின் தயவு வேண்டும்.

வராந்தாவில் அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க உள்ள வரணும்," என்றேன். "அவர் காதை மூடப் போறேன். நீங்க அவர் கணுக்காலைப் பிடிச்சுக்கணும். அழுத்தினா மூச்சை இழுக்கணும், நீங்க அழுத்திட்டே இருக்கற வரைக்கும் அவர் பிடிச்சிட்டே இருக்கணும். கையை எடுத்தா விட்டுடலாம். கண்ணாடிக்குப் பின்னாடியிருந்து நான் உங்களுக்குக் கையைக் காட்டுவேன்."

"இதை ஆறு மாசத்துக்கு முன்னாடி செஞ்சிருக்கலாமே."

"கர்ப்பமா இருக்கீங்களா? கேட்டே ஆகணும், உள்ள கதிர் இருக்கும்."

"இவர் இருமற இருமல்ல ஒரே ரூம்ல தூங்கியே ரெண்டு வருஷமாச்சு," என்றாள். எலெக்ட்ரீஷியன் ஏணிமேல் திரும்பிக்கொண்டார்.

எம்ஆர்ஐ அறையிலிருந்து பெரிய காதுமூடி ஒன்றைக் கொண்டுவந்தேன். முதலில் பஞ்சு, அதற்குமேல் காதுமூடி. அவளுக்கு ஈய ஏப்ரனைக் கட்டிவிட்டேன். குழந்தை கனம் இருக்கும் அது. அவள் முனகாமல் வாங்கிக்கொண்டாள். மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். அவள் பிடி எனக்கே பயமாக இருந்தது. தெருவைத் தாண்டும்போது பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடிக்கிற பிடி.

கண்ணாடிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தேன். கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது, வியர்த்திருந்தது. பதினாறு வருஷத்தில் அந்த விரல் வியர்த்து நான் பார்த்ததில்லை. ஓட்டினேன். கையைத் தூக்கினேன். அவள் அழுத்தினாள். அவர் வயிறும் நெஞ்சும் ஏறின. வளையம் சுற்ற ஆரம்பித்தது, சத்தம் ஏறியது. நெஞ்சு ஒரு கணம் நடுங்கியது. மேஜையின் அதிர்வு முதுகில் தெரிந்திருக்க வேண்டும். அவள் இன்னும் இறுக்கினாள். விரல் கணுக்கள் வெளுத்தன. நெஞ்சு இறங்கவில்லை. ஐந்து, ஆறு. என் பல் எல்லாம் கூசியது. ஏழு, எட்டு, ஒன்பது. கையை இறக்கினேன்.

திரையில் மூச்சுக்குழாய் வந்தது. வட்டம். காம்பஸ் வைத்துப் போட்டதுபோல வட்டம்.

"வந்துடுச்சு," என்று எனக்கே தெரியாமல் சொல்லிச் சிரித்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் என் சிரிப்பைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. ஆறு மாதத்தில் அவள் முகத்தில் ஒரு தடவைகூடப் பார்க்காத ஒன்று அதில் வந்தது. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து கதவைத் திறந்தாள்.

"நல்லா இருக்கா? ஒண்ணும் இல்லையா?"

நான் சிரித்தது படத்துக்காக. அதற்குள் மவுஸ் சக்கரத்தை உருட்டி அடுத்தடுத்த படங்களுக்குப் போயிருந்தேன். காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சாம்பல் அப்படியே இருந்தது. மூச்சில்லாததால் வந்த சாம்பல் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்தச் சாம்பலுக்குள் மேலிருந்து கீழ்வரை, இரண்டு பக்கமும், உப்பைத் தூவினதுபோலப் புள்ளிகள். நடுவில் வீங்கின நெறிக்கட்டிகளைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி வெள்ளை வளையங்கள். புத்தகத்தில் போடுவதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது.

"ஏன் பேச மாட்டேங்கறீங்க? சிரிச்சீங்களே."

"படம் சரியா வந்துச்சுன்னு சிரிச்சேன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "அவருக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் வந்து சொல்வார்."

அவள் ஏப்ரனோடு அப்படியே நின்றாள். மேஜையில் அவர் காதுமூடியோடு படுத்திருந்தார். யாரும் சொல்லாததால் கையை இன்னும் தலைக்கு மேலேயே வைத்திருந்தார்.

டாக்டர் வந்து படத்தைப் பார்த்தார். போர்டால் இதை மறுக்க முடியாது, திங்கட்கிழமை பட்டறைக்குப் போக வேண்டாம், இனி எப்போதுமே போக வேண்டாம் என்றார். முதல் தடவை படத்தையும் எடுத்து அருகில் வைத்துப் பார்த்தார். அது மங்கல்தான், ஆனால் இப்போது எதைத் தேடுவது என்று தெரிந்ததால் அதிலும் தெரிந்தது. ஆறு மாதத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் கேட்டாள்.

"ஆறு மாசத்துல கூடியிருக்கா டாக்டர்?"

"கூடியிருக்கும்மா."

"இந்த ஆறு மாசமும் இவர் தினம் அறுத்தார்." அவள் டாக்டரிடம் பேசினாலும் பார்த்தது என்னை. "ஒத்துழைக்கலைன்னு எழுதிட்டாங்கன்னு பட்டறைல சிரிச்சாங்க. நடிகன்னு பேர் வெச்சாங்க. நானும் ஒருநாள் கேட்டேன், நிஜத்தைச் சொல்லுங்க, மூச்சைப் பிடிச்சீங்களா இல்லையான்னு. என் புருஷனை நானே கேட்டேன்."

"எனக்கு அப்பத் தெரியாது," என்றேன்.

"நீ கேக்கல," என்றாள். நீங்க போய் நீ வந்துவிட்டது. "என்ன வேலை செய்யறே, எப்படிச் செய்யறேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கட்டம் இருந்துச்சு, டிக் அடிச்சே."

அதற்குள் காதுமூடியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்திருந்த கல்லறுக்கிறவர், "மேடத்தை ஏன் திட்டறே, அவங்கதானே கண்டுபிடிச்சாங்க," என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது. அவள் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமல் கூட்டிக்கொண்டு போனாள். படிவத்தில் 'ஒத்துழைத்தார்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ஒத்துழைக்காதது யார் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. இரண்டு வருஷத்தில் நான் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதியவர்களைக் கம்ப்யூட்டரில் தேடினேன். முப்பத்தொரு பேர். தொழில் என்ற இடத்தில் கல் அறுப்பு என்று இருந்தவர்கள் பதினான்கு பேர். அது ஒவ்வொரு படிவத்திலும் என் கையெழுத்துக்கு மூன்று வரி மேலே அச்சாகியிருந்தது.

டாக்டர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பட்டியலைப் பார்த்தார்.

"இதை விட்டுடும்மா. இனிமே வர்றவங்களுக்குக் காதை மூடி எடுப்போம். போர்டுக்கும் பொதுவா ஒரு கடிதம் எழுதறேன். பழசைக் கிளறினா முதல்ல மேல வர்றது உன் கையெழுத்து. வேலைக்கே உலை."

அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். அது எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் பட்டியலை மூடக்கூட மூடினேன். அவள் சொன்ன "நீ கேக்கல" என்பது காதிலேயே நின்றது. எனக்கு என்மேல் வந்த ஆத்திரம், இத்தனை வருஷம் நோயாளிகள்மேல் காட்டிய ஆத்திரத்தையெல்லாம் சேர்த்தாலும் காணாது.

"வேலை போனா போகட்டும் டாக்டர்," என்று சொல்லிவிட்டு, பட்டியலைத் திறந்து போனை எடுத்தேன்.

முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது எண்ணை ஒரு ஆண் எடுத்தார். பின்னால் ஏதோ உருட்டுகிற சத்தமும் ஆட்களின் பேச்சும் கேட்டன. ஆஸ்பத்திரி ஸ்கேன் பிரிவிலிருந்து பேசுகிறேன் என்றேன்.

"யாரு, அந்த மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்குமே, அந்தம்மாவா?"

"ஆமா, நான்தான். உங்களுக்குப் போன வருஷம் எடுத்த ஸ்கேனை மறுபடி எடுக்கணும்."

"எதுக்கு? அதான் நடிக்கிறேன்னு எழுதி அனுப்பிட்டீங்களே. கோப்பை மூடியாச்சு. வேலைக்கும் வந்தாச்சு. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? நான் அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், மூச்சைப் பிடிச்சேன்னு. கேட்டீங்களா? இப்ப வந்து…"

பின்னால் பிளேடு சுற்ற ஆரம்பித்தது. பாதி வார்த்தையில் அவர் குரல் நின்றது.

நான் போனைக் காதில் அழுத்தியபடி எண்ணினேன். எட்டு, ஒன்பது. எங்கள் மிஷினின் நேரம் முடிந்தும் அவர் பக்கத்தில் ஒரு மூச்சு கேட்கவில்லை. பதிமூன்றில் சத்தம் இறங்கி நின்றது. அவர் மூச்சை இழுத்தார். நெஞ்சு நிறைய, கடைசிவரைக்கும். மேஜையில் படுக்க வைத்து நான் எவ்வளவு திட்டியும் வாங்க முடியாத மூச்சு அது.

"ம், சொல்லுங்க," என்றார்.